அத்தியாயம் 5: குறைந்த விலை இயர்போன்களை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

விலையைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாது. காதுக்குள் செருகும் இயர்போன் வாங்கப் போகிற யாருக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். 2017இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, எந்த அதிர்வெண்ணை எவ்வளவு சத்தமாகத் தருகின்றன என்ற வரைபடத்தையும் கடை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காதை முழுதாக மூடும் பெரிய வகை, காதின்மேல் அமரும் வகை, உள்ளே செருகும் வகை எல்லாம் அதில் இருந்தன. விலைக்கும் வரைபடத்துக்கும் தொடர்பு இல்லை என்பதே அவர் வெளியிட்ட முடிவு.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு மெல்லிய சவ்வு. இவை சேர்ந்ததுதான் ஒலி எழுப்பும் டைனமிக் டிரைவர். லட்சக்கணக்கில் தயாராகும் இந்தச் சிறு பொருளுக்கு இன்று பெரிய செலவு ஆவதில்லை. கூட்டில் காற்றுத் துளையை எங்கே வைப்பது, ஒலி வரும் குழாயை எவ்வளவு நீளமாக விடுவது, அதன் வாயில் எவ்வளவு நெருக்கமான வலையை ஒட்டுவது என்ற டியூனிங் வேலைதான் ஒலியைத் தீர்மானிக்கிறது. அதைப் பொறுமையாகச் செய்த ஒரு நிறுவனத்தின் 1,500 ரூபாய் இயர்போன், அலட்சியமாகச் செய்த இன்னொன்றின் 8,000 ரூபாய் இயர்போனைவிட நன்றாகப் பாடும்.

அப்படியானால் எதை நம்புவது? உங்கள் காதைத்தான். ஆனால் காது எளிதில் ஏமாறும். கடையில் நின்றபடி ஒன்றை ஒரு நிமிடம், இன்னொன்றை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறிப்போவது அதனால்தான். காது எங்கெல்லாம் ஏமாறும் என்று தெரிந்துகொண்டால், வீட்டில் உட்கார்ந்து நீங்களே நம்பத் தகுந்த ஒப்பீட்டைச் செய்துவிடலாம்.

முதலில் காதில் சரியாக உட்காரட்டும்

செருகும் இயர்போனின் பேஸ் முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது. ரப்பர் முனைக்கும் காதுத் துளைக்கும் இடையே காற்று கசியக் கூடாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே போய்விடும். மேல் ஒலிகள் மட்டும் மிஞ்சிப் பாட்டு மெலிந்து, சதையில்லாமல் கேட்கும். “இதில் பேஸே இல்லை” என்று ஒரு நல்ல இயர்போனைத் தூக்கிப் போடுகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். அவர்கள் கேட்டது இயர்போனின் ஒலியை அன்று, கசிவின் ஒலியை.

சரிபார்ப்பது சுலபம். பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் முனை உங்களுக்குச் சின்னது, அல்லது ஆழமாக உட்காரவில்லை. பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு முனைகள் இருக்கும். நடு அளவைத்தான் மாட்டி அனுப்புவார்கள். மற்ற இரண்டையும் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியோடு போட்டுவிடுகிறவர்களே அதிகம். வலது காதுத் துளையும் இடது காதுத் துளையும் எல்லோருக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு பக்கம் நடு அளவும் மறுபக்கம் பெரிய அளவும் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

செருகும்போது இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து, காது மடலின் மேல்பகுதியைச் சற்று மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் காதுத் துளை நேராகி, முனை ஒழுங்காக உள்ளே போகும். ஒயர் காதுக்கு மேலே சுற்றி வரும்படி செய்தவற்றை அப்படித்தான் போட வேண்டும். நேராகத் தொங்கவிட்டால் கோணம் தவறிக் கசியும். அப்படிச் சுற்றிப் போடும்போது ஒயர் சட்டையில் உரசிக் காதுக்குள் கேட்கும் சரசரப்பும் குறைகிறது.

நுரை முனைகளும் கிடைக்கின்றன. விரலால் நசுக்கிச் செருகி, உள்ளே விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். கசிவை நன்றாக அடைக்கும். ஆனால் மேல் ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். எனவே ஒன்றில் நுரை, மற்றொன்றில் ரப்பர் என்று மாட்டிக்கொண்டு ஒப்பிடாதீர்கள். முடிந்தால் ஒரே ஜோடி முனையைக் கழற்றி இரண்டிலும் மாற்றி மாட்டுங்கள்.

செருகும் ஆழமும் ஒலியை மாற்றும். ஆழம் மாறினால், முனைக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்ட காற்றின் அதிர்வு இடம் மாறி, மேல் ஒலிகளில் ஒரு மேடு முன்னே பின்னே நகர்கிறது. அளவீட்டு வரைபடங்களில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூம்பு தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு, அளக்கப் பயன்படும் உலோகச் செயற்கைக் காதின் வேலை. அந்தக் கூம்பைப் பார்த்து மட்டும் ஓர் இயர்போனை ஒதுக்கிவிட வேண்டாம்.

சத்தத்தைச் சமமாக்குங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

இரண்டு இயர்போன்களில் எது கொஞ்சம் அதிகச் சத்தமாக ஒலிக்கிறதோ, அதுவே நல்லது என்று மூளை முடிவு கட்டிவிடும். சத்தம் அதிகம் என்று அது சொல்லாது. “தெளிவாக இருக்கிறது”, “நிறைவாக இருக்கிறது” என்றுதான் சொல்லும். ஒன்றிரண்டு டெசிபல் வித்தியாசமே இதற்குப் போதும். இதன் அடிப்படையை 1933இலேயே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெச்சரும் மன்சனும் எழுதிவைத்தார்கள். சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நடு ஒலிகளைவிட வேகமாக மங்குகின்றன. சத்தம் கூடும்போது அவை திரும்ப வந்து சேர்கின்றன. ஆகவே சத்தம் கூடிய இயர்போனில் பேஸும் நுணுக்கமும் நிஜமாகவே கூடியதாகத்தான் தோன்றும்.

ஒரே போன், ஒரே வால்யூம் அளவு என்று வைத்தால் சமமாகிவிடாது. இயர்போனுக்கு இயர்போன் சென்சிட்டிவிட்டி மாறும். அதே மின்சாரத்துக்கு ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் ஒலிக்கும். சமமாக்க நான் சொல்லும் வழி இது. பக்கவாத்தியம் இல்லாத குரல் ஒன்றைப் போடுங்கள். விருத்தமோ ஆலாபனையோ, வெறும் பேச்சோ போதும். அந்தக் குரலின் உரப்பு இரண்டிலும் ஒன்றாகத் தோன்றும்வரை வால்யூமைச் சரிசெய்து, இதற்கு இத்தனை, அதற்கு அத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பேஸை வைத்துச் சமமாக்கக் கூடாது. பேஸ் அளவுதான் இயர்போன்களுக்கு இடையே அதிகம் மாறுவது.

பல ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூமுக்கு 15 படிகளே உண்டு. ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே பெரிய தாவல் இருக்கலாம். சரியாகச் சமமாக்க வரவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. எதன்மேல் உங்கள் மனம் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறதோ, அதை ஒரு படி குறைத்து வையுங்கள். சத்தம் குறைந்த நிலையிலும் அதுவே நன்றாக இருப்பதாகத் தோன்றினால் அந்தத் தீர்ப்பை நம்பலாம்.

தொடங்குமுன் போனில் டால்பி அட்மாஸ், பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் என எதெல்லாம் ஓடுகிறதோ அனைத்தையும் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கை மாறி வந்த பாட்டுக் கோப்புகளும் வேண்டாம். பாட்டு ஆப்பின் அமைப்புகளில் ஒலித்தரத்தை அதிகபட்சமாக வைத்துக்கொண்டால் போதும்.

ஒலியின் நுண்ணிய குணம் நினைவில் நிற்பது சில நொடிகள்தான். முழுப் பாட்டையும் ஒன்றில் கேட்டு முடித்து, பிறகு இன்னொன்றை மாட்டினால், ஒப்பிடுவது ஒலியை அன்று, உங்கள் மனநிலையை. 15, 20 நொடிகள் வரும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதையே மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்விதான்: குரல் எப்படி? அடுத்த சுற்றில், தாளம் எப்படி?

பெயரும் விலையும் கண்ணில் படுவதே தீர்ப்பை மாற்றும் என்பதை ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஒலிபெருக்கிகளை வைத்துக் காட்டினார்கள். கண்ணால் பார்த்தபடி கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும் வேறுபட்டன. செருகும் இயர்போனில் அப்படி மறைத்துச் சோதிப்பது கடினம். கண்ணை மூடினாலும் எது என்று காதுத் துளைக்குத் தெரிந்துவிடும். அதனால் விமர்சனங்களைப் படிக்கும் முன்பே கேட்டு, தோன்றியதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். படித்த பிறகு கேட்டால், படித்ததுதான் கேட்கும்.

எதைப் போட்டுக் கேட்பது

குரலில் தொடங்குங்கள். பிறந்தது முதல் கேட்டுவருவதால் மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் காதுக்குச் சந்தேகம் வருவதில்லை. இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. காதுத் துளை ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளம் உள்ள குழாய். ஒருபக்கம் மூடிய அந்தக் குழாயும் மடலும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள ஒலியை இயல்பாகவே பெருக்கித் தருகின்றன. அந்தப் பெருக்கத்தோடுதான் நாம் உலகைக் கேட்கிறோம். முனையைச் செருகிக் குழாயின் வாயை அடைத்தவுடன் அது போய்விடுகிறது. எனவே இயர்போன் செய்கிறவர் அதே அளவு மேட்டைத் தம் டியூனிங்கில் திரும்ப வைத்தாக வேண்டும். குறைத்து வைத்தால் பாடகர் ஒரு கம்பளிக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல் மங்கும். அதிகம் வைத்தால் உச்ச ஸ்தாயியில் குரல் கத்தலாகி நெற்றியில் அடிக்கும். மலிவு இயர்போன்களில் பெரும்பாலானவை தவறுவது இந்த இடத்தில்தான். ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் ஹார்மன் நிறுவனத்தில் பலரைக் கேட்க வைத்து உருவாக்கிய இலக்கு வரைபடத்திலும் இந்த மேடு இருக்கிறது. இன்று நல்ல மலிவு இயர்போன்கள் பலவும் அதை ஒட்டியே டியூன் செய்யப்படுகின்றன.

அடுத்தது ‘ஸ’. கல்பனா ஸ்வரம் பாடும் எந்தக் கச்சேரிப் பதிவும் இதற்கு ஏற்றது. ஸட்ஜத்துக்குப் பாடகர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்போது அந்த ‘ஸ’ இயல்பான மூச்சாக வருகிறதா, ஊசியாகக் குத்துகிறதா என்று பாருங்கள். குத்தினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதியைத் தூக்கிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது அது தெளிவு என்று தோன்றும். ஒரு மணி நேரத்தில் காது களைத்துவிடும்.

பேஸைச் சோதிக்க மிருதங்கத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சாதாரணத் தோல்கருவியில் கிளம்பும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறுவதால் அதற்கு நிச்சயமான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் நடுவே ஏற்றும் கரணை என்ற கறுப்புப் பூச்சு அந்த மேல்சுரங்களை அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. அதனால்தான் மிருதங்கம் சுருதி சேர்கிறது. சர் சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். நாம் கேட்க வேண்டியதும் அதையேதான்: வலந்தலையில் விழும் அடியில் பாடகரின் சுருதி கேட்கிறதா? இடப்பக்கமான தொப்பியில் வரும் கும்காரம் கீழிருந்து மேலே வளைந்து ஏறுவது காதுக்குப் புலப்படுகிறதா? பேஸை அளவுக்கு மீறி ஏற்றிய இயர்போனில் தொப்பி மட்டும் ‘தொம், தொம்’ என்று எல்லாவற்றையும் மூடும், வலந்தலையின் சுருதி அதற்கடியில் அமுங்கிப்போகும். அதிக பேஸும் நல்ல பேஸும் வேறு வேறு என்பது இந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சினிமாப் பாட்டுதான் கேட்பேன் என்கிறவருக்கு 1980களின் இளையராஜா பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துக்குத் துணை நிற்பதில்லை. பாட்டுக்கு அடியில் தனக்கென்று ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே போகிறது. அந்த மெட்டை மட்டும் பின்தொடர்ந்து வாயால் முனக முடிகிறதா என்று முயன்று பாருங்கள். முடிந்தால் அந்த இயர்போன் தேறிவிட்டது. 1986இல் வெளிவந்த அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு, வயலின் கூட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது அவை தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று பார்க்க உதவும்.

தம்பூராவையும் விட்டுவிடாதீர்கள். கச்சேரிப் பதிவுகளில் அது பின்னணியில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவாளி நூல்தான் அதன் மேல்சுரங்களை எழுப்பி, அந்த ரீங்காரத்தைத் தருகிறது. மேல் ஒலி மங்கிய இயர்போனில் தம்பூரா வெறும் முனகலாகிவிடும்.

கடைசியாக, இடம் வலம். கறுப்பு வெள்ளைப் படக் காலத்துப் பாட்டு ஒன்று போதும், அக்காலப் பாட்டுகள் மோனோவில், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி வரும்படி பதிவானவை. குரல் தலையின் நட்டநடுவில் கேட்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால், இடதை வலக் காதிலும் வலதை இடக் காதிலும் மாற்றிப் போடுங்கள். சாய்வும் இடம் மாறினால் பழுது இயர்போனில். மாறாமல் அதே காதுப் பக்கம் நின்றால் முனை சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது. பழகிய இயர்போனில் ஒரு பக்கம் நாளாவட்டத்தில் சத்தம் குறைந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒலிக் குழாயின் வாயிலுள்ள வலையை. மெழுகு அடைத்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சுற்றுகளில் தேறியதை ஒரு வாரம் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். காது களைக்கிறதா, துளை வலிக்கிறதா என்பதைக் குறுகிய ஒப்பீடு காட்டாது.

பெட்டியில் அச்சடித்தவை

ஹை-ரெஸ் முத்திரைக்கு, இயர்போன் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்ப வேண்டும் என்று ஜப்பான் ஆடியோ சங்கம் விதித்திருக்கிறது. மனிதக் காதின் எல்லை 20,000. வயது ஏற ஏற அதுவும் குறையும். இந்த முத்திரைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். டிரைவர் எண்ணிக்கையும் அப்படியே. குறைந்த விலையில் ஒழுங்காக டியூன் செய்த ஒற்றை டிரைவர், அவசரமாகச் சேர்த்த இரண்டு மூன்றைவிட மேலானது. ‘நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி திறக்கும்’ என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் பழகுவது உங்கள் காது.

ஒயரா, புளூடூத்தா

ஒலி மட்டுமே முக்கியம் என்றால் குறைந்த விலையில் ஒயர்தான். 2,000 ரூபாய் இயர்பட்ஸில் அந்தப் பணம் பேட்டரிக்கும் புளூடூத் சிப்புக்கும் மைக்குக்கும் சார்ஜ் டப்பாவுக்கும் பிரிந்துபோகிறது. ஒயர் உள்ளதில் அது கூட்டுக்கும் டிரைவருக்கும் போகிறது. பேட்டரி தேய்ந்து ஆயுள் முடியும் கவலையும் இல்லை. போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லாவிட்டால் டைப்-சி டாங்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இயர்பட்ஸ்தான் வேண்டும் என்றால் அதன் ஆப்பைத் திறந்து, கம்பெனியே வைத்து அனுப்பிய பேஸ் மோடை முதலில் அணையுங்கள். எஸ்.பி.சி.யா, ஏ.ஏ.சி.யா, எல்டாக்கா என்று, புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக்கைப் பற்றிக் கவலைப்படுவது அதற்கப்புறம். டியூனிங் கெட்டிருந்தால் எந்தக் கோடெக்கும் காப்பாற்றாது.

எதை வாங்கலாம்

2,000 ரூபாய்க்குப் பக்கத்தில் இரண்டு மாடல்களை அடுத்தடுத்து வைத்துக் கேட்பது நல்ல பயிற்சி. மூன்டிராப் சூ 2, செவன் ஹெர்ட்ஸ் ஜீரோ 2. இரண்டும் 2023இல் வந்தவை, இரண்டும் சீனத் தயாரிப்பு, இரண்டிலும் ஒற்றை 10 மி.மீ. டைனமிக் டிரைவர், இரண்டிலும் ஒயரைக் கழற்றி மாற்றலாம். சூ 2 உலோகக் கூடு, ஜீரோ 2 பிளாஸ்டிக். சத்தத்தைச் சமமாக்கிக் கேட்டால் சூ 2இல் மேல் ஒலி சற்று முன்னே வருகிறது. வயலினும் தம்பூராவும் பளிச்சென்று நிற்கின்றன. ஜீரோ 2 அடியில் கனமானது. பேஸ் கிட்டாரும் தொப்பியும் உடம்போடு வருகின்றன, ‘ஸ’ குத்துவதில்லை. இன்னும் குறைந்த விலைக்குப் போனால் கே.இசட். நிறுவனத்தின் மாடல்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் பேஸும் மேல் ஒலியும் தூக்கலாக, குரல் ஒரு படி பின்னே நிற்கும் டியூனிங்கே அதிகம். குத்துப் பாட்டுக்குச் சுவையாக இருக்கும், நீண்ட ஆலாபனைக்கு ஒத்துவராது. ஒயர் மாற்றும்போது அதன் பின் (pin) அளவைப் பார்த்து வாங்குங்கள், எல்லா நிறுவனமும் ஒரே அளவு வைப்பதில்லை.

நாள் முழுதும் குரலும் சினிமாப் பாட்டும் கேட்கிறவருக்கு என் தேர்வு ஜீரோ 2. தந்தி வாத்தியமே உயிர் என்கிறவர் சூ 2 பக்கம் போகலாம்.

எதை வாங்கினாலும், கசிவில்லாத முனை வெளிச்சத்தத்தை அடைப்பதால், பஸ்ஸில்கூடக் குறைந்த வால்யூமில் கேட்க முடியும். அந்த வசதியை விட்டுவிடாதீர்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 90க்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

காதுக்குள் போகும் பொருள் என்பதால், பிரித்த இயர்போனைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா, பழுதானால் மட்டும்தானா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஒப்பீட்டை முடிக்கும்வரை பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.